அம்பு விற்றவன்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்வோம். ஏவிய ஆளை விட்டுவிட்டு, ஏவப்பட்டவனைத் திட்டி என்ன பயன் என்ற பொருளில். அந்தப் பழமொழியில் இருப்பது இரண்டே இரண்டு: எய்தவன், அம்பு. அம்பை அடித்துக் கூர் தீட்டி, காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கொல்லனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அவன் யாரையும் குறிவைக்கவில்லை. நாணை இழுக்கவும் இல்லை. செத்தவனோடு அவனுக்குப் பகை கிடையாது, பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஓர் ஊரே செத்துக் கிடக்கிறது, அவன் பட்டறையிலிருந்து மாதாமாதம் அம்பு போயிருக்கிறது என்று தெரியவந்தால் அவனை என்ன செய்வது?

இந்தக் கேள்வி 1946 மார்ச் 1ஆம் தேதி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஒன்றின் முன் வந்தது. கூண்டில் நின்ற மூன்று பேரும் ராணுவத்தினர் அல்ல, ஹிட்லரின் எஸ்.எஸ். படையிலும் இல்லை. பூச்சிமருந்து விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆட்கள். முதலாளி புருனோ டெஷ், வேதியியல் படித்தவர். அடுத்தவர் கார்ல் வைன்பாகர், டெஷ் ஊரில் இல்லாதபோது நிறுவனத்தை நடத்தும் முழு அதிகாரம் பெற்றவர். மூன்றாவது ஆள் யோவாகிம் ட்ரோசின், நிறுவனத்தின் முதன்மைத் தொழில்நுட்பர்.

அவர்கள் விற்ற பொருளின் பெயர் சைக்ளோன் பி. ஹைட்ரஜன் சயனைடை ஒருவகைத் துகள்களில் ஊறவைத்துத் தகர டப்பாவில் அடைத்திருப்பார்கள். டப்பாவைத் திறந்தால் வாயு வெளிவரும். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே சந்தைக்கு வந்த பொருள் இது. தானியக் கிடங்குகள், கப்பல்கள், படைவீரர் தங்கும் கொட்டடிகள் எல்லாவற்றிலும் பேன், எலி, பூச்சிகளைக் கொல்ல ஐரோப்பா முழுக்கப் பயன்பட்டது. டெஷின் நிறுவனம் இதைத் தயாரிக்கவில்லை. டெகெஷ் என்ற நிறுவனத்தின் சரக்கை எல்பே நதிக்குக் கிழக்கே விநியோகிக்கும் உரிமை மட்டுமே அவர்களிடம் இருந்தது. நம் ஊர் கணக்கில் சொன்னால் ஏரியா டீலர். அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலில், போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் இருந்தது. அங்கே சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். பெரும்பாலானோரைக் கொன்றது இந்த டப்பாக்கள்தான்.

டப்பாவைத் திறந்து கொட்டியவன் எஸ்.எஸ். ஆள். கொட்டச் சொன்னது முகாம் அதிகாரி. அதற்கும் மேலே பெர்லின். டெஷ் அங்கே கையை நீட்டவே இல்லை. குற்றச்சாட்டு இதுதான்: 1941 ஜனவரி முதல் 1945 மார்ச் வரை, முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த நேச நாட்டுக் குடிமக்களைக் கொல்லப் பயன்படும் என்று நன்றாகத் தெரிந்தே விஷவாயு விற்றார்கள். நேச நாட்டுக் குடிமக்கள் என்று மட்டும் சொல்லக் காரணம், அந்த நீதிமன்றத்துக்கு இருந்தது போர்ச் சட்டத்தின் அதிகாரம்தான். அதே விஷவாயு அறைகளில் இறந்த ஜெர்மானிய யூதர்கள் அந்த வழக்குக்குள் வரவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வலிக்கிற இடம் அது.

வழக்கு ஒரு வாரத்தில் முடிந்தது. சட்ட ஆலோசகராக இருந்த நீதித்துறை அதிகாரி, மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும் என்று நீதிபதிகளுக்கு விளக்கினார். நேச நாட்டுக் குடிமக்கள் சைக்ளோன் பியால் கொல்லப்பட்டார்களா? அந்த வாயுவை விற்றது இந்த நிறுவனம்தானா? மனிதர்களைக் கொல்ல அது பயன்படும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்ததா? முதல் இரண்டிலும் பெரிய தகராறு இல்லை. மொத்த வழக்கும் மூன்றாவது கேள்வியில்தான் நின்றது.

டெஷ் தனக்குத் தெரியாது என்றார். அவருக்கு எதிராக வந்தவர்கள் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களே. கணக்கராக இருந்த எமில் சேம், 1942 இலையுதிர்காலத்தில் டெஷின் பயண அறிக்கை ஒன்றைக் கோப்பில் படித்ததாகச் சொன்னார். சுட்டுக் கொல்லப்படும் யூதர்களைப் புதைப்பது சுகாதாரக் கேடாகிறது, சயனைடு வாயுவால் கொல்ல யோசிக்கிறோம் என்று ராணுவப் பெரியவர்கள் டெஷிடம் சொன்னதாக அதில் இருந்ததாம். பூச்சிகளுக்குச் செய்வதுபோலவே மூடிய அறையில் செய்யலாம் என்று டெஷ் யோசனை சொல்லி, ஆட்களுக்குப் பயிற்சி தரவும் ஒப்புக்கொண்டார் என்றும் சேம் சாட்சியம் அளித்தார். சுருக்கெழுத்தாளராக இருந்த ஒரு பெண், பெர்லினிலிருந்து திரும்பிய முதலாளி இந்த வாயுவை மனிதர்கள் மீதும் பயன்படுத்துகிறார்கள் என்று தன்னிடமே சொன்னார் என்றார்.

அந்தச் சாட்சியங்களை நம்பினால், டெஷ் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. தெரிந்தது, விற்றார், எப்படிச் செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார். வைன்பாகரிடம் வரும்போதுதான் விஷயம் கடினமாகிறது.

அவருக்குத் தெரியும் என்று காட்டும் நேரடிச் சாட்சியம் எதுவும் இல்லை. அவர் யாரிடமும் பேசியதாகவோ எழுதியதாகவோ ஆதாரம் கிடைக்கவில்லை. இதைச் சட்ட ஆலோசகரே நீதிபதிகளிடம் ஒப்புக்கொண்டார். பிறகு அரசுத் தரப்பின் கேள்வியை எடுத்து வைத்தார். இவர்கள் கெட்டிக்கார வியாபாரிகள். ஆஷ்விட்ஸுக்குப் போன சரக்கின் அளவு தங்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? துணிகளில் பேன் ஒழிக்கவும் கட்டடம் சுத்தம் செய்யவும் இவ்வளவு சரக்கு போயிருக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததாலா? வருடத்தில் பாதிக்கு மேல் டெஷ் பயணத்தில் இருந்தார், அப்போதெல்லாம் பொறுப்பில் இருந்தவர் வைன்பாகர். நீதிமன்றம் அவரையும் குற்றவாளி என்றது. டெஷும் வைன்பாகரும் 1946 மே 16 அன்று ஹாமெல்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த அளவுக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. சயனைடு வாயுவைப் பொறுத்தவரை பேனைவிட மனிதன் பலவீனமானவன். பூச்சியைக் கொல்ல அடர்த்தியான வாயு பல மணி நேரம் வேண்டும். மனிதனுக்கு அதில் மிகச் சிறிய பங்கு போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதனால் ஆஷ்விட்ஸுக்குப் போன சரக்கில் பெரும்பகுதி உண்மையிலேயே துணிகளுக்கும் கொட்டடிகளுக்கும்தான் செலவானது. பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் பரவிய முகாம் அது. லட்சக்கணக்கான மனிதர்களைக் கொல்ல அதில் ஒரு சிறு பங்கே போதுமானதாக இருந்தது. எவ்வளவு கொடுமையான உண்மை இது! ஆக, பில் புத்தகத்தின் எண்களை மட்டும் பார்த்து ஒருவர் கொலையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். வைன்பாகருக்கு வேறு வழிகளில் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. கோப்புகள் அவர் கைக்கும் வந்தவைதான். ஆனால் தெரிந்திருக்க வாய்ப்புண்டு என்பதும் தெரியும் என்பதும் ஒன்றல்ல. ஓர் உயிரை எடுக்கும் தீர்ப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நிற்பது என்னை உறுத்துகிறது.

அதே சமயம், தெரியாது என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஏதாவது ஒரு சிற்றூரின் உரக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி முழுக்கப் பூச்சிமருந்து. கத்தரிக்காய்ச் செடிக்கு வாங்குகிறவர், நெல்லுக்கு வாங்குகிறவர் என்று நாள் பூராவும் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் கடைக்காரர் விசாரணை நடத்தத் தேவையில்லை. ஆனால் நிலம் என்று ஒரு சென்ட் கூட இல்லாத, அழுது சிவந்த கண்ணோடு வந்து நிற்கும் ஒருவர், எது சீக்கிரம் வேலை செய்யும் என்று கேட்டால்? அந்த நிமிடம் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் கல்லாவைத் திறந்துவிட்டு, பிற்பாடு எனக்குத் தெரியாது என்றால் அது முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் உண்மை. சட்டம் இதை நிரூபிக்கத் திணறலாம். மனச்சாட்சிக்கு அந்தச் சிரமம் இல்லை.

மூன்றாவது ஆளான ட்ரோசினை நீதிமன்றம் விடுவித்தது. தெரியவில்லை என்பதற்காக அல்ல. வாயுவை அனுப்புவதா வேண்டாமா என்பதில் அவருக்கு எந்தச் செல்வாக்கும் இருந்ததாகச் சாட்சியம் இல்லை, அந்த நிலையில் இருந்தவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அது அவரைக் குற்றவாளியாக்காது என்று சட்ட ஆலோசகர் சொன்னார். தெரிந்திருக்க வேண்டும், தடுக்கும் இடத்திலும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பொறுப்பு.

சட்டத்தில் இது நியாயம். அறத்தில் இவ்வளவு எளிது இல்லை. தடுக்க முடியாதவன் விலகிப் போகலாம் அல்லவா? இந்த வாதம் மிகப் பழையது. 1679இல் போப் பதினோராம் இன்னசென்ட் கண்டனம் செய்த 65 கருத்துகளில் ஒன்று இதைப் பற்றியது. எஜமானன் ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னல் வழியாக ஏறுகிறான். தெரிந்தே தோள் கொடுத்தும் ஏணி சுமந்தும் உதவுகிறான் வேலைக்காரன். மறுத்தால் எஜமானன் முறைப்பான், கொடுமைப்படுத்துவான், வீட்டைவிட்டுத் துரத்துவான். அந்தப் பயத்தில் செய்தால் அது பெரிய பாவமில்லை என்று சில இறையியலாளர்கள் சொல்லிவந்தார்கள். போப் அந்தக் கருத்தைத் தவறு என்று அறிவித்தார். உள்ளே இருந்த பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் சரி. வேலை போகுமே என்ற பயம் மிகவும் நிஜம். குழந்தை குட்டியோடு இருப்பவனுக்கு இன்னும் நிஜம். அது அவன் மேல் நம் கோபத்தைக் குறைக்கலாம். தோளை அவன் கொடுக்கவில்லை என்று ஆக்கிவிடாது.

டாப்ஃப் என்ற எர்ஃபுர்ட் நகர நிறுவனத்தையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. ஆஷ்விட்ஸின் எரியுலைகளைக் கட்டியவர்கள் அவர்கள். விஷவாயு அறைகளுக்குக் காற்றோட்டக் கருவி பொருத்தியதும் அவர்கள் ஆட்களே. எஸ்.எஸ்ஸிடமிருந்து கிடைத்த வேலை அவர்களுடைய மொத்த வியாபாரத்தில் சுமார் 2 சதவீதம்தான். அதை விட்டிருந்தால் நிறுவனம் மூழ்கியிருக்காது.

சரி, இவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் ஒரு பதில் உண்டு. நான் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுத்திருப்பான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல சமயம் அது உண்மையாகவே இருக்கும்.

ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற நெதர்லாந்து வியாபாரி, 1980களில் தையோடைகிளைகால் என்ற வேதிப்பொருளை சதாம் உசேனின் ஈராக்குக்கு விற்றார். மொத்தம் 1,100 டன்னுக்கு மேல். துணிச் சாயத்துக்கும் மைக்கும் பயன்படும் பொருள்தான். ஆனால் அதிலிருந்து ஓரிரு படிகளில் மஸ்டர்ட் வாயு செய்துவிடலாம். ஈராக் செய்தது. ஈரான் மீதும் தன் நாட்டுக் குர்துகள் மீதும் வீசியது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரில் ரசாயன ஆயுதங்களால் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வான் அன்ராட் பிற்பாடு பாக்தாதில் பல வருடம் வசித்து, 2003 போரின்போது ஊர் திரும்பினார். ஹலப்ஜாவின் படங்கள் அதிர்ச்சி தந்தன, ஆனால் உத்தரவு போட்டது நானில்லை, துப்பாக்கிக் குண்டுகூடத்தான் நெதர்லாந்தில் செய்கிறார்கள் என்ற பொருளில் ஒரு பத்திரிகையிடம் பேசினார். 2004 டிசம்பரில் கைதானார். 2005 டிசம்பர் 23 அன்று, போர்க்குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததற்காக ஹேக் நகர நீதிமன்றம் 15 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது 17 ஆண்டாகி, 2009இல் உச்ச நீதிமன்றத்தில் பதினாறரை ஆண்டாக முடிந்தது. இனப்படுகொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டிலிருந்து மட்டும் அவர் விடுபட்டார். ஒரு மக்கள் கூட்டத்தையே அழிக்கும் நோக்கம் ஈராக் அரசுக்கு இருந்தது என்பது விற்றபோது அவருக்குத் தெரிந்திருந்ததாக நிரூபணமாகவில்லை. அதாவது எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. எனக்கு அது சரியான அளவுகோலாகப் படுகிறது.

வேறொருவன் கொடுத்திருப்பான் என்ற வாதத்துக்கு ஜொனதன் குளோவர் என்ற தத்துவவாதி 1975இல் ஒரு கதையால் பதில் சொன்னார். ஒரு கிராமத்தில் 100 பேர் சாப்பிட உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் 100 பயறு. 100 கொள்ளையர்கள் வந்து ஆளுக்கு ஒரு கிண்ணத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவனும் ஒரு மனிதனைப் பட்டினி போட்டான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் அவர்களுக்கு மனம் உறுத்துகிறது. இந்தத் தடவை ஒவ்வொருவனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு மட்டும் எடுக்கிறான். ஒரு பயறு குறைந்தால் யாருக்கும் பசிக்காது, ஆகவே நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்கிறான். கிண்ணங்கள் மட்டும் போன வாரம் போலவே காலி.

தொழிற்கூடங்களின் காலத்துக் கொடுமைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. டப்பா செய்தவனுக்கு ஒரு பயறு, ரயிலில் ஏற்றியவனுக்கு ஒன்று, பில் போட்டவனுக்கு ஒன்று. யாருடைய பங்கை எடுத்தாலும் சிறிதாகத்தான் தெரியும்.

சிறிதாகத் தெரிவது மட்டுமல்ல, சில நேரம் காணாமலே போய்விடும். டெகெஷின் மேலாளர் கெர்ஹார்ட் பீட்டர்ஸ் கதை அப்படிப்பட்டது. சைக்ளோன் பியில் எச்சரிக்கைக்காகக் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஒரு பொருள் கலந்திருப்பார்கள். வாயு கசிந்தால் வேலையாட்கள் ஓடித் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. 1943இல் எஸ்.எஸ். அதிகாரி குர்ட் கெர்ஸ்டைன், அந்த எச்சரிக்கைப் பொருள் இல்லாத சரக்கு வேண்டும் என்று பீட்டர்ஸிடம் கேட்டார். மனிதர்களைக் கொல்லத்தான் என்பதையும் மறைக்கவில்லை. பீட்டர்ஸ் ஏற்பாடு செய்தார். 1949இல் அவருக்கு 5 ஆண்டு சிறை கிடைத்தது. ஆனால் 1955 மறுவிசாரணையில் விடுதலை. கெர்ஸ்டைனுக்குப் போன அந்தக் குறிப்பிட்ட சரக்கால் யாராவது உண்மையில் செத்தார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. அந்தச் சரக்கைக் கொலைக்குப் போகவிடாமல் தடுத்ததாக கெர்ஸ்டைன் எழுதிவைத்திருந்தார். அவரும் 1945லேயே சிறையில் இறந்துபோனார்.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரடிச் சாட்சியம் இல்லாத வைன்பாகர் தூக்கில். மனிதர்களைக் கொல்ல என்று காதால் கேட்டுவிட்டு அனுப்பிய பீட்டர்ஸ் வீட்டில். குற்றவியல் சட்டம் எந்த டப்பா, எந்தப் பிணம் என்று கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாரையும் தூக்கில் போட்டுவிடலாம். ஆனால் பீட்டர்ஸ் அந்த ஆர்டருக்குத் தலையாட்டிய நிமிடத்திலேயே அறத்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று நான் நம்புகிறேன். டப்பா பிறகு எங்கே போனது என்பது அவருடைய அதிர்ஷ்டம், அவ்வளவுதான். தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

இன்றைய சர்வதேசச் சட்டத்திலும் இந்த இழுபறி தீரவில்லை. சியரா லியோனின் கிளர்ச்சிப் படைக்கு ஆயுதமும் குண்டும் கொடுத்த லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை விதித்தபோது, குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்து உதவினாலே போதும் என்றது சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம். 2013 மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆனால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தம், குற்றத்தை எளிதாக்கும் நோக்கத்தோடு உதவியிருக்க வேண்டும் என்கிறது. வியாபாரிக்கு நோக்கம் லாபம் மட்டும்தானே என்று வாதாட அதில் இடமிருக்கிறது. நம் நாட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவும் உடந்தை என்பதற்கு, வேண்டுமென்றே உதவியிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. லாபத்துக்காகத் தெரிந்தே கொடுத்தவன் வேண்டுமென்றே உதவியவன் இல்லையா என்று ஹலப்ஜாவில் பிள்ளையை இழந்த ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருபவர் கணக்கர் எமில் சேம். அவருக்கு விற்கவும் அதிகாரம் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஆனால் 1942லேயே தெரிந்துவிட்டது. படித்ததைத் தாங்க முடியாமல் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, பழைய நண்பர் ஒருவரிடம் காட்டினார். இதை வைத்திருந்தால் ஆபத்து, எரித்துவிடு என்றார் நண்பர். எரித்தார்கள். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் ஆஷ்விட்ஸின் அறைகள் ஓயவில்லை. 1946 மார்ச்சில் ஹாம்பர்க் நீதிமன்றத்தில், அப்படி ஓர் அறிக்கையே இல்லை என்று டெஷ் மறுத்தபோது அந்தக் காகிதம் இல்லை. தன் கண்ணால் படித்ததாக சேம் சொன்னார். எரிப்பதற்கு முன் அந்தக் குறிப்பைத் தானும் பார்த்ததாக நண்பர் சொன்னார்.